சர்க்கரை முகாமில் ஒரு சிட்டிகை சர்க்கரை

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற நர்சுப் பொண்ணுங்களுக்கும் தம்பிங்களுக்கும் ரெண்டு வார்த்த சொல்லுங்க ஸ்டெல்லாம்மான்னு கேட்டாங்க. ரெண்டு வார்த்தன்னா என்கிட்ட ரெடியா இருக்கு. "திட்டாதீங்க, கேளுங்க." முடிஞ்சிது, டீ குடிக்கப் போலாம். ஆனா முப்பத்தோரு வருஷம் நர்சா இருந்து ரிட்டயர் ஆனவள ரெண்டு வார்த்தையோட உக்கார வைக்க இந்த ஜில்லாவுல இன்னும் ஒருத்தரும் பொறக்கல. அதனால கொஞ்சம் பொறுத்துக்கணும்.

ஊசி போடறது, ரெஜிஸ்டர் எழுதறது, செல்போன்ல ஏத்தறது, இதெல்லாம் உங்களுக்கு என்னவிட நல்லாத் தெரியும். எனக்கு அந்த செல்போன் ஆப்பு கடைசி வரைக்கும் வசப்படவேயில்ல. நான் சொல்லப்போறது நான் பண்ண ஒரு முட்டாள்தனத்தப் பத்தி. அதுல ஒரு மனுஷன் உயிரு போயிருக்கணும். போகல. என் மானம்தான் போச்சு. அது போனதே நல்லதுன்னு இப்ப தோணுது, அப்ப தோணல.

நான் கடலூர் ஓ.டி.க்காரி, அதான் பழைய டவுனு. கடைசி ஒம்பது வருஷம் கீரப்பாளையம் பக்கம், ஊரு பேரு வேண்டாம், ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கர, பிரஷர் பாக்குற பிரிவுல இருந்தேன். மாசம் ஒரு தடவ ஒவ்வொரு ஊரா போயி முகாம் போடுவோம். விரல்ல குத்தி ரத்தம் பாத்து, மாசத்துக்கு மாத்திர குடுத்துட்டு வரணும். அந்தப் பக்கம் பூரா எனக்கு "சுகரு சிஸ்டர்"னு பேரு.

என் வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். திட்டு. இருநூறுக்கு மேல போயிட்டா போதும், அந்த ஆளு அன்னிக்கு வீடு போய்ச் சேர்றவரைக்கும் காதுல என் சத்தம்தான் கேக்கும். "யாரு வூட்டுக் காதுகுத்துல போயி லட்டு அமுக்குன? கால எடுத்தா யாரு ஒன்னத் தூக்கிட்டு அலையறது?" அப்பிடித்தான். நூத்தி இருபதுக்குள்ள வந்தவங்களுக்கு எல்லாரையும் கை தட்டச் சொல்லுவேன். இந்தக் கை தட்டுற யோசனை என் சொந்த மூளையில உதிச்சது. அதுக்காக எனக்கு நானே ரொம்ப நாள் பெருமப்பட்டுக்கிட்டேன்.

அஞ்சாறு மாசத்துல பாருங்க, ஊரு பூரா சர்க்கர எறங்கிப்போச்சு. எல்லாம் நூத்திப் பத்து, நூத்திப் பதினஞ்சு. என் வாய்க்கு இவ்ளோ சக்தியான்னு எனக்கே ஆச்சரியம்.

அப்ப எங்க சென்டருக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருந்தாங்க. அண்ணாமலை நகர்ல படிச்சு முடிச்ச கையோட வந்த பொண்ணு, என் மகளவிட வயசு கம்மி. ஒரு நாளு ரெஜிஸ்டரப் பொரட்டிட்டு, "சிஸ்டர், இந்த சமையல் மாஸ்டருக்கு எல்லா மாசமும் நூத்துச் சொச்சம்தான் வருது. ஆனா ராத்திரி நாலு தடவ எழுந்து ஒண்ணுக்குப் போறாராம், பாதத்துல எறும்பு ஊறுற மாதிரி இருக்காம். நம்பரு ஒண்ணு சொல்லுது, ஆளு வேற ஒண்ணு சொல்றாரு. எத நம்பறது?"ன்னு கேட்டாங்க.

"மிஷின நம்புங்க டாக்டர், மிஷினு பொய் சொல்லாது"ன்னேன்.

நேத்து வந்த பொண்ணு, நம்ம வேலையில குத்தம் பாக்குதேன்னு உள்ளுக்குள்ள கடுப்பு. அந்தப் பொண்ணு சிரிச்சுட்டுப் போயிடுச்சு. அது கேட்டத ஒரே ஒரு தடவ நின்னு யோசிச்சிருந்தேன்னா இந்தக் கதையே கெடையாது.

அந்த மாஸ்டர் பேரு ராஜமாணிக்கம். சிதம்பரத்துல எந்த மண்டபத்துல பெரிய கல்யாணம்னாலும் அவரு சாம்பாருதான். நல்ல மனுஷன். குடி கெடையாது, பீடி கெடையாது. முகாமுக்கு மொத ஆளா வந்து, துண்ட மடிச்சு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான்தான் அவர எல்லாருக்கும் உதாரணமா காட்டுவேன். "பாரு, தெனம் பாயசத்துக்குள்ள நிக்கிற மனுஷன், எப்படிக் கட்டுப்பாடா இருக்காரு"ன்னு.

இப்ப என் கதையச் சொல்லணும். வெக்கமா இருக்கு, ஆனா சொல்லாம முடியாது.

எனக்கும் சுகரு. அந்த முகாம் நடந்தப்ப கண்டுபிடிச்சுப் பதினோரு வருஷம் ஆயிருந்துச்சு. ஆபீஸ்ல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. சுகரு சிஸ்டருக்கே சுகருன்னா எவன் என் பேச்ச மதிப்பான்? கடலூர்ல ஒரு டாக்டர்கிட்ட, எங்க டிபார்ட்மெண்டுக்கு ஒட்டு ஒறவு இல்லாத ஆளு, மூக்க முந்தானையால மூடிக்கிட்டுப் போயிப் பாத்துட்டு வருவேன். அவரு மொதல்ல குடுத்தது பெரிய வெள்ள மாத்திர. உங்களுக்குத் தெரியும், நாம தெனம் அள்ளி அள்ளிக் குடுக்கறோமே, அதேதான்.

அது என் வயித்தப் படுத்துன பாடு இருக்கே, யப்பா! காலையில ஆறே முக்காலுக்கு பஸ்ஸு. வெறும் வயித்துல மாத்திரயப் போட்டு ஒரு வாய் டீய ஊத்திக்கிட்டு ஓடுவேன். சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான்தான். ஆலப்பாக்கம் வரும்போது வயித்துல கடமுடான்னு சத்தம் வரும். பக்கத்து சீட்டு பொம்பள திரும்பிப் பாக்கும். நான் ஜன்னல் பக்கம் பாப்பேன், ஏதோ பஸ்ஸுதான் சத்தம் போடுற மாதிரி. புதுச்சத்திரம் வந்துட்டா அதுக்கு மேல முடியாது. "அண்ணே, ஓல்டான், ஓல்டான்"னு எறங்கி, ரோட்டோரம் ஒரு வீட்டுக் கதவத் தட்டுவேன். யாரு எவருன்னே தெரியாது. ஒரே மாசத்துல மூணு தடவ போனேன். அந்தம்மா நல்லவங்க, மூணாவது தடவ வெளிய வந்தப்ப மகளுக்குக் கல்யாணம்னு என் கையில பத்திரிகையே வச்சுட்டாங்க. மொய் எழுதிட்டு வந்தேன், வேற வழி?

இதப் போயி அந்தக் கடலூர் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல. வேல நாள்ல பெரிய மாத்திரய நானே நிறுத்திட்டேன். அவரு கேட்டா "ஒழுங்காப் போடறேன் டாக்டர்"ம்பேன். அப்புறம் ஏன் சர்க்கர எறங்கலன்னு அவரு மண்டயப் பிச்சுக்கிட்டு, கூட ஒரு சின்ன மாத்திர எழுதுனாரு. சின்ன மாத்திர வயித்த ஒண்ணும் பண்ணாது. ஆனா அது வேற ஜாதி. போட்டா சாப்பிட்டே ஆகணும். சாப்பாடு தள்ளிப்போச்சுன்னா சர்க்கரய சடார்னு கீழ தள்ளிடும். வேர்க்கும், கை நடுங்கும், புத்தி கொழம்பும். அதனால நான் பையில எப்பவும் குளுக்கோஸ் வச்சிருப்பேன். பாக்கெட்டா வச்சா எவளாவது பாத்துடுவாளேன்னு, ஒரு காலி பவுடர் டப்பாவக் கழுவிக் காய வச்சு அதுல கொட்டி வச்சிருந்தேன். மூஞ்சிக்குப் போடற பவுடர்தான். என் புத்திசாலித்தனத்த மெச்சிக்குங்க.

சரி, முகாமுக்கு வரேன். தை மாசம், முகூர்த்த சீசன். வயக்காட்டுக்கு நடுவுல இருந்த ஒரு சமுதாயக் கூடத்துல முகாம். வாய்க்கால் பாலத்தத் தாண்டித்தான் ஊரு. கூடத்து வாசல்ல ஒரே ஒரு டீக்கடை. போன மாசம் ரெண்டு பேரு ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி அங்க பன்னு தின்னுட்டு வந்துட்டாங்கன்னு, நான் போயி சண்ட புடிச்சு, "முகாம் அன்னிக்குப் பதினோரு மணி வரைக்கும் கட தொறக்கக் கூடாது"ன்னு ஆர்டர் போட்டிருந்தேன். எனக்கு ஆர்டர் போட என்ன அதிகாரம்? ஒண்ணும் கெடையாது. ஆனா அவரு பயந்து பூட்டிட்டாரு.

எங்கள எறக்கி விட்ட வண்டி, பக்கத்து ஊருல புள்ள பெத்தவளுக்குக் காய்ச்சல்னு போன் வந்து, டாக்டரம்மாவ ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு. அவசர மருந்துப் பெட்டியும் அதுலயே போயிடுச்சு. நான் மட்டும் நாப்பது பேரோட இருக்கேன்.

மாஸ்டர் அன்னிக்கு லேட்டு. ஒம்பது மணிக்கு மேல மொபெட்ட நிறுத்திட்டு உள்ள வந்தாரு. சட்ட தொப்பறையா நனஞ்சிருக்கு. கால் ஒரு பக்கம் போவுது, ஆளு ஒரு பக்கம் போறாரு. என் மேசைக்கு முன்னாடி வந்து நின்னு, கண்ண உருட்டி, "எவன்டா அடுப்பக் கூட்டி வச்சது? கொறடா! பருப்பு அடி புடிக்குதுடா டேய்!"னு ஒரு அதட்டு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நாலு பேருக்கு உதாரணம்னு காட்டுன ஆளு, காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்து நிக்கிறாருன்னு.

"மாஸ்டர்! முகாமுக்குத் தண்ணி போட்டுட்டு வரீங்களா? வெக்கமா இல்ல? வெளிய போங்க!"

"பெருங்காயம் எங்கடி?"ன்னாரு.

என்னை 'டி' போட்டுப் பேசுனவங்க என் மாமியாருக்கு அப்புறம் அவருதான். நான் வாசலக் காட்டிக் கத்துனேன். அவரும் ஏதோ சொன்ன பேச்சக் கேக்கற புள்ள மாதிரி திரும்பி நடந்தாரு. அப்ப வரிசையில இருந்த அஞ்சலையம்மா எழுந்தாங்க. எழுவது வயசு இருக்கும், களையெடுத்துக் களையெடுத்து முதுகு வளஞ்ச பொம்பள, ஆனா வாய் நேராத்தான் இருக்கும்.

"சிஸ்டரு, அந்த ஆளு குடிக்கமாட்டான். எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். மோந்து பாரு, வாட வருதான்னு."

போயி மோந்து பாத்தேன். பெருங்காய வாசன வந்துச்சு. வேற எதுவும் வரல. கையத் தொட்டேன், ஜில்லுனு இருக்கு, வேர்வ ஊத்துது. அப்பத்தான் எனக்கு சொரேல்னுச்சு. இழுத்து உக்கார வச்சு விரல்ல குத்துனேன். நாப்பத்தொண்ணு.

நாப்பத்தொண்ணுன்னா என்னான்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. இன்னும் கொஞ்ச நேரம் போனா நெனவு தப்பிடும், வாய்ல ஒண்ணும் குடுக்க முடியாது. அப்புறம் வலிப்பு, அதுக்கு அப்புறம் என்ன வேணா ஆவலாம். ஊசி மருந்து வண்டியோட போச்சு. டீக்கடைய பூட்ட வச்சது நானு. சர்க்கர முகாம், சுத்தி நாப்பது சர்க்கர வியாதிக்காரங்க, ஒரு சிட்டிகை சர்க்கர இல்ல!

"யாருகிட்டயாவது இனிப்பு இருக்கா? சர்க்கர, வெல்லம், மிட்டாய், எதுவா இருந்தாலும் குடுங்க! சீக்கிரம்!"

ஒருத்தர் அசையல.

"எங்ககிட்ட ஏது சிஸ்டர்?"ங்குது ஒரு அம்மா, மஞ்சப் பைய மடியோட இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. "நான் இனிப்ப மோந்து பாத்தே ரெண்டு வருஷமாச்சு"ங்கறாரு ஒரு பெரியவரு. இன்னொருத்தரு சட்டப் பையில கை வச்சு மூடிக்கிட்டு மேல கூரையப் பாக்கறாரு. அஞ்சலையம்மா கூட தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒரே ஒருத்தர் மட்டும், நான் ஊருக்குள்ள ஓடி வாங்கியாரேன்னு பாலத்தப் பாத்து ஓடுனாரு. போயிட்டு வர பத்து நிமிஷமாவது ஆவும்.

இந்த எடத்தக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. இத நான் சர்ச்சுல, பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொன்னதுக்கு அப்புறம் உங்ககிட்டதான் சொல்றேன். அந்த நேரம் பூரா என் பை என் காலடியிலதான் இருந்துச்சு. பவுடர் டப்பா அதுலதான் இருந்துச்சு. எனக்கு அது ஞாபகம் இல்லாம இல்ல. நல்லா ஞாபகம் இருந்துச்சு. மொதல்ல ஊராங்க பையக் கேட்டேன். வேற யாராவது எடுத்துட மாட்டாங்களா, நான் தப்பிச்சுட மாட்டேனான்னு பாத்தேன். அர நிமிஷம் இருக்கும். ஒரு நர்சு அப்பிடி அர நிமிஷம் நிக்கக் கூடாது. நான் நின்னேன்.

மாஸ்டர் தல ஒரு பக்கம் சாஞ்சுது. "எல போட்டாச்சா?"ன்னு மொணகுனாரு. அதுக்கு மேல என்னால முடியல. பையக் கவுத்துக் கொட்டுனேன். ஜெபமால, சில்லற, என் மாத்திர அட்டைங்க, டிபன் பாக்ஸு, எல்லாம் தரையில ஓடுது. பவுடர் டப்பாவத் தொறந்து டம்ளர் தண்ணியில கொட்டி, விரலாலயே கலக்கி, "மாஸ்டர், முழுங்குங்க, முழுங்குங்க"ன்னு வாய்ல வச்சேன். நல்லவேள, முழுங்கத் தெரிஞ்சுது.

"அடிப் பாவி, பவுடரக் கரச்சு ஊத்துறாளே!"

அஞ்சலையம்மா பாஞ்சு வந்து என் கையப் புடிச்சுட்டாங்க. களையெடுத்த கை, இரும்பு. கூடம் பூரா எழுந்து நிக்குது. ஒருத்தரு போலீசக் கூப்புடுங்கறாரு. ஒருத்தரு செல்போன்ல படம் புடிக்கறாரு. டம்ளரு மாஸ்டர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி நிக்குது.

"வுடுங்கம்மா, இது பவுடரு இல்ல! குளுக்கோசு!"

"குளுக்கோசு எதுக்குடி பவுடர் டப்பாவுல இருக்குது?"

"எனக்கும் சுகரும்மா! பதினோரு வருஷமா சுகரு! உங்களுக்கெல்லாம் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சிருந்தேன்! போதுமா? கைய வுடுங்க!"

கத்திட்டேன். என் தொண்டயே எனக்குப் புதுசா கேட்டுச்சு. அஞ்சலையம்மா கைய வுட்டாங்க. அவுங்களே டம்ளர வாங்கி, மாஸ்டர் தலயத் தாங்கி மெதுவா ஊத்துனாங்க.

அப்புறம் நடந்தத நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். மஞ்சப் பைக்காரம்மா பையத் தொறந்து ஒரு மைசூர்பாக எடுத்து மேசையில வச்சாங்க. ரெண்டு வருஷமா மோந்து பாக்காத பெரியவரு வேட்டி மடிப்புலேருந்து நாலு தேன் மிட்டாய் எடுத்தாரு. கூரையப் பாத்த ஆளு சட்டப் பையிலேருந்து கடல மிட்டாய். ஒரு அக்கா சம்படத்துல ரவா லட்டு. அஞ்சலையம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த ரெண்டு அதிரசம், எண்ணெ சேலையில ஊறிப் போயிருக்கு. அஞ்சு நிமிஷத்துல என் மேசை பலகாரக் கட ஆயிடுச்சு.

"இதெல்லாம் எதுக்கு எடுத்துக்கிட்டு வந்தீங்க?"ன்னேன்.

"பரீட்ச முடிஞ்சதும் திங்கத்தான்"ன்னு தேன் மிட்டாய்ப் பெரியவரு சொன்னாரு. "முகாமுக்கு மொத நாளு மத்தியானத்துலேருந்து பட்டினி கெடப்போம் சிஸ்டர். அப்பத்தான நம்பரு நல்லா வரும், நீங்க கை தட்டுவீங்க. முடிச்சுட்டு வெளிய போனதும் கண்ணு இருட்டும், அதுக்குத்தான்."

"அந்த மனுஷன் சாகக் கெடக்கறாரு, கேட்டேன்ல? எடுத்துக் குடுக்க வேண்டியதுதான?"

எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அஞ்சலையம்மாதான் சொன்னாங்க. "நீ திட்டுவியேன்னு."

அந்த ஒரு வார்த்த என்னைக் கன்னத்துல அறஞ்ச மாதிரி இருந்துச்சு. நாப்பது பேரு மடியில இனிப்பு இருந்தும் ஒரு உயிரு போறத பாத்துக்கிட்டு நின்னாங்கன்னா, அவுங்க கெட்டவங்க இல்ல. அவ்ளோ பயத்த நான் ஊட்டி வச்சிருந்தேன். அவுங்களச் சொல்லி என்ன பண்றது, நானே பைய மூடிக்கிட்டு நின்னவதான?

கால் மணி நேரத்துல மாஸ்டருக்குக் கண்ணு தெளிஞ்சுது. மொத வார்த்த என்னான்னு நெனக்கிறீங்க? "இத யாரு கரச்சது? ஒண்ணு ஏலக்காயாவது போட்டிருக்கலாம்"ன்னாரு. கூடமே சிரிச்சுது. நான் அழுதுட்டேன். எழுவத்தெட்டு வந்துச்சு. மைசூர்பாகு வேண்டாம்னு தள்ளி வச்சுட்டு, என் டிபன் பாக்சுல இருந்த இட்லிய எடுத்து ஊட்டுனேன்.

தெளிஞ்சதும் மனுஷன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பறாரு. "நாளைக்கு முகூர்த்தம் சிஸ்டர், சிதம்பரத்துல எண்ணூறு எல. காய் வெட்டப் போவணும்." இங்கதான் நீங்க ஏமாந்துடக் கூடாது. எழுந்து நடக்கறாரு, சிரிக்கறாரு, அனுப்பிடலாம்னு தோணும். அவருக்கும் நாங்க பெரிய மாத்திரயோட அந்தச் சின்ன மாத்திரயும் குடுத்திருந்தோம், அது ஒடம்புல கெடந்து வேல செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். ஏறுன சர்க்கர திரும்பி எறங்கும். நான் மொபெட்டு சாவியப் புடுங்கி என் ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டேன். "இப்ப எடுங்க பாக்கலாம்"ன்னேன். மனுஷன் கூச்சப்பட்டு உக்காந்துட்டாரு. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். நூத்தியெட்டு வண்டிய வரச் சொல்லுங்க, அது வர்றவரைக்கும் விட்டு விட்டுப் பாருங்க, ஏதாவது குடுத்துக்கிட்டே இருங்கன்னாங்க. அர மணி நேரம் கழிச்சுப் பாத்தா அறுவத்திரெண்டு. போக விட்டிருந்தா பாலத்து மேலேருந்து வாய்க்கால்ல விழுந்திருப்பாரு.

வண்டி வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தோம். அப்பத்தான் கேட்டேன், அத்தன மாசத்துல மொத தடவையா, திட்டாம கேட்டேன். "மாஸ்டர், மாத்திர எப்பிடிப் போடறீங்க? உள்ளதச் சொல்லுங்க."

சுத்தி முத்திப் பாத்தாரு. குரலத் தாழ்த்துனாரு.

"பெரிய மாத்திர ஒத்துக்கல சிஸ்டர். வயித்தால போவுது. அடுப்புல ஆயிரம் எலைக்கு சாம்பாரு கொதிக்குது, நான் மூணு தடவ பின்பக்கம் ஓடுனா பொண்ணு வூட்டுக்காரன் என்ன நெனப்பான்? சமைக்கிறவனுக்கே பேதின்னா அந்தச் சோத்த எவன் திம்பான்? ஒரு தடவ பேரு கெட்டா அடுத்த முகூர்த்தத்துக்கு எவன் கூப்புடுவான்? அதான் மாசம் பூரா ரெண்டு மாத்திரயும் போடறதில்ல. முகாமுக்கு மொத நாளு சாப்பாட்ட நிறுத்திட்டு, சின்ன மாத்திர மட்டும் போடுவேன். இந்தத் தடவ பொங்கல்ல கொஞ்சம் ஜாஸ்தியா சாப்ட்டுட்டேன், நம்பரு ஏறிடுமோன்னு பயந்து, காலையில மூணு மாத்திரயா சேத்துப் போட்டேன்."

நீங்க சிரிக்கக் கூடாது. அவரு சொன்னதுல ஒரு வார்த்த கூட எனக்குப் புதுசு இல்ல. சாம்பாருக்குப் பதிலா எனக்கு பஸ்ஸு, அவ்ளோதான்.

"எனக்கும் அதே கததான் மாஸ்டர்"ன்னேன். புதுச்சத்திரத்து வீட்டுக் கதயச் சொன்னேன். கல்யாணப் பத்திரிக வரைக்கும் சொன்னேன். மனுஷன் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறாரு. அவ்ளோதான், கூடம் தொறந்துகிச்சு. ஒரு அக்கா, மாத்திரய கோழிக்குப் போட்டேன், கோழிக்கு ஒண்ணும் ஆவலங்குது. மைசூர்பாகு அம்மா, பாதிய வூட்டுக்காரருக்குக் குடுத்துட்டேன், அவருக்கு சுகரே இல்ல, ஆனா சும்மா வர்றத ஏன் வுடணும்னாருங்குது. பல பேருக்கு வயித்துக் கோளாறு. ஒருத்தரும் இத்தன வருஷத்துல என்கிட்ட வாயத் தொறந்ததில்ல.

டாக்டரம்மா வந்து இறங்குனப்ப மாஸ்டர வண்டியில ஏத்திக்கிட்டிருந்தோம். அந்தப் பொண்ணு "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்த சொல்லல. நானா இருந்தா சொல்லியிருப்பேன். அத்தன பேரு சொன்னதயும் நின்னு கேட்டாங்க. வயித்தப் படுத்தினா மாத்திரய நீங்களா நிறுத்தாதீங்க, வந்து சொல்லுங்க; சாப்பாட்டோட போட்டா பாதித் தொந்தரவு கொறயும்; கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்தலாம்; மெதுவாக் கரையற தினுசும் இருக்கு, ஒத்துக்குதான்னு பாக்கலாம்; சின்ன மாத்திரய மட்டும் சாப்புடாம போடவே கூடாது, விட்டுப்போச்சேன்னு சேத்தும் போடக் கூடாதுன்னு பொறுமையா சொன்னாங்க. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், உங்க மாத்திரச் சீட்ட எடுங்க, பாக்கலாம்"ன்னாங்க. நாப்பது பேரு முன்னாடி எடுத்துக் குடுத்தேன்.

அந்த மாசம் முகாம்லேருந்து கை தட்டுறத நிறுத்திட்டேன். டீக்கடக்காரர்கிட்ட மன்னிப்பும் கேட்டேன். அவரு நம்பல, இதுல ஏதோ சூது இருக்குன்னு ரெண்டு நாளு கடயப் பூட்டியே வச்சிருந்தாராம்.

அடுத்த மாச முகாமுக்கு மாஸ்டர் வந்தாரு. ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில இருந்துட்டு, எண்ணூறு எலய மச்சான்கிட்ட ஒப்படச்சிட்டு, நல்லாத்தான் இருந்தாரு. புது மாத்திர வயித்துக்கு ஒத்துக்கிச்சு. நான் ஊசிய எடுத்து அவரு விரலப் புடிச்சேன். அவரு கைய இழுத்துக்கிட்டாரு.

"மொதல்ல நீங்க பாருங்க சிஸ்டர். எங்களுக்குத் தெரியணும்ல."

நாப்பது தலயும் ஆமாம் ஆமாம்ங்குது. டாக்டரம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு சிரிக்கறாங்க. வேற வழியில்லாம என் விரல்ல நானே குத்திக்கிட்டேன். மிஷின மாஸ்டர்தான் வாங்கிப் பாத்தாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சாரு. "இருநூத்தி முப்பத்தொண்ணு."

மிஷின மேசையில வச்சுட்டு, கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தாரு.

"நேத்து ராத்திரி என்ன சாப்ட்டீங்க?"

என் வாய்ல பதிலு தயாரா இருந்துச்சு. ரெண்டு சப்பாத்தி, பீர்க்கங்காக் கூட்டு. பதினோரு வருஷமா கடலூர் டாக்டர்கிட்ட ஒப்பிச்ச பதிலு. அதச் சொல்லியிருந்தா ஒருத்தரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க.

"மூணு பரோட்டா"ன்னேன். "சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. சால்னா ஊத்தி. நின்னுக்கிட்டே சாப்ட்டேன்."

யாரும் சிரிக்கல, யாரும் திட்டல. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன், அதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு. இதுக்கு என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன், கண்ணு முட்டிக்கிட்டு வருது. அஞ்சலையம்மா மெதுவா நகந்து, பெஞ்சில தன் பக்கத்துல கையால தட்டிக் காமிச்சாங்க.

"வா, வந்து ஒக்காரு. நானும் நேத்து அதிரசம் தின்னேன்."